சாக்கடைத் தண்ணீரும் பசும்புல்லும்

வியாசர்பாடியிலிருந்து எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை வழியாக வடக்கே போனால் கொடுங்கையூர். அந்தப் பெயரைச் சொன்னதும் இன்றைய சென்னைக்காரருக்கு நினைவில் எழுவது குப்பைமேடு. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்த ஊருக்கு வேறொரு வேலை இருந்தது. நகரத்தின் பாதாளச் சாக்கடை கடைசியில் வந்து சேர்ந்த இடம் அது. வந்த தண்ணீரை வரப்பு கட்டிப் பாய்ச்சிப் புல் வளர்த்தார்கள். புல்லை அறுத்துக் கட்டுக் கட்டாக மாட்டுக்காரர்களுக்கு விற்றார்கள். வீட்டுக்குப் பின்னால் நாலு எருமை, இரண்டு பசு என்று கட்டி வைத்துப் பால் கறந்து பிழைத்தவர்கள் வடசென்னையில் ஏராளம். அவர்களுக்குப் பச்சைத் தீவனம் கிடைப்பதுதான் என்றைக்கும் பெரிய பாடு. வைக்கோலும் தவிடும் புண்ணாக்கும் காசு கொடுத்தால் வண்டியில் வரும். பச்சைப் புல் தூரத்திலிருந்து வந்தால் வாடிவிடும். பக்கத்திலேயே விளைய வேண்டும்.

1910இல் வடிவமைக்கப்பட்ட சென்னையின் கழிவுநீர்த் திட்டம், 1961இல் நகரத்தில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று எண்ணிக் குழாய் போட்டது. 1961 கணக்கெடுப்பில் தலை எண்ணியபோது 17.29 லட்சம் பேர் இருந்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்து நகரத்தின் வளர்ச்சியை யூகித்தவர்களை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை; இன்று நாம் போடும் கணக்கும் அந்த லட்சணத்தில்தான் இருக்கும். ஆனால் அந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புல்லின் கதை எங்கே முட்டி நிற்கிறது என்பதற்கு அவை வேண்டும்.

இந்தியக் கழிவுநீர்ப் பண்ணைகளின் பழைய பட்டியல்களில் சென்னைக்கு 133 ஹெக்டேர், மதுரைக்கு 77, திருவனந்தபுரத்துக்கு 37 என்று இருக்கும். மதுரையில் அது அவனியாபுரம், திருவனந்தபுரத்தில் வலியதுறை. இந்த மூன்று ஊர்களிலும் தீவனப் புல் வளர்த்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததாக நினைக்க வேண்டியதில்லை. சாக்கடையின் குணம் அப்படி. நெல்லுக்கு அறுவடைக்கு முன் தண்ணீரை வடிக்க வேண்டும். காய்கறிக்கு ஒரு பாத்தி முடிந்து அடுத்த பாத்தி தொடங்குமுன் நிலம் காய வேண்டும். நகரமோ தினமும் குளிக்கிறது, தினமும் கழுவுகிறது, தீபாவளியன்றும் கழுவுகிறது. அந்தத் தண்ணீரை ‘இந்த மாதம் வராதே’ என்று சொல்ல முடியாது. ஆண்டு முழுவதும் குடித்துக்கொண்டே இருக்கும் பயிர் வேண்டும். அறுத்தால் மறுபடி தழைக்க வேண்டும். வேர் அழுகக் கூடாது. மனிதர் பச்சையாகத் தின்னாததாக இருக்க வேண்டும். இத்தனை நிபந்தனைகளுக்கும் பொருந்துவது பல்லாண்டு வாழும் ஏதாவது ஒரு நீர்ப்புல்தான்.

அத்தகைய புல் ஒன்றைத் தமிழ்நாட்டு வேளாண் நூல்கள் தண்ணீர்ப்புல் என்கின்றன. பேச்சில் தண்ணிப்புல். தாவரவியலார் வைத்த பெயர் உரோக்ளோவா மியூட்டிகா. சில பத்தாண்டுகளுக்கு முன்பு வரை பிராக்கியேரியா மியூட்டிகா. ஆங்கிலத்தில் இதைப் பாரா புல் என்பார்கள்.

பார்ப்பதற்கு அழகான புல் என்று சொல்ல மாட்டேன். தண்டு தரையில் படுத்தபடி ஓடும். ஐந்து மீட்டர் வரைகூட நீளும். பிறகு நுனியைத் தூக்கிக்கொண்டு இடுப்புயரத்துக்கும் மேலே எழும். கணுக்களில் வெள்ளை மயிர் அடர்ந்திருக்கும். இலையுறையிலும் மயிர் உண்டு, வெறுங்கையால் அறுத்தால் அரிக்கும். தரையைத் தொட்ட ஒவ்வொரு கணுவும் வேர்விடும். வேர்விட்ட கணுவை வெட்டிப் போட்டால் அது தனிச் செடி. இந்த ஒரு குணத்தால்தான் இது விவசாயிக்கு வரமாகவும் ஏரிக்குச் சாபமாகவும் இருக்கிறது. கதிர் விடும், ஆனால் விதையின் முளைப்புத்திறன் மிகக் குறைவு. விதையை நம்பாமலே உலகைச் சுற்றி வந்த புல் இது.

தண்ணீர் தேங்கிய மண்ணில் மற்றப் பயிர்கள் ஏன் சாகின்றன என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றிலிருந்து அது ஆக்சிஜனை எடுக்கிறது. அந்த இடுக்குகளைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் ஆக்சிஜன் வருவது பல்லாயிரம் மடங்கு மெதுவாகிவிடும். சாக்கடைத் தண்ணீரில் நிலைமை இன்னும் மோசம். அதிலுள்ள கரிமப் பொருளைத் தின்னும் பாக்டீரியாக்கள் கொஞ்சநஞ்சம் இருக்கும் ஆக்சிஜனையும் முதலிலேயே தீர்த்துவிடுகின்றன. மண் கறுத்து, முட்டை அழுகின நாற்றம் எழுவது அதனால்தான். கந்தகத்தை வைத்து மூச்சுவிடும் நுண்ணுயிர்கள் அங்கே குடியேறிவிட்டன என்று அர்த்தம்.

தண்ணீர்ப்புல் இதற்குத் தனிக் குழாய் வைத்திருக்கிறது. அதன் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் தொடர்ச்சியாக ஓடுகின்றன. மேலே இலை வாங்கும் காற்று அந்த வழியாகச் சேற்றுக்குள் இருக்கும் வேர்நுனி வரை இறங்குகிறது. இறங்குவதில் கொஞ்சம் வேரைவிட்டுக் கசிந்து வெளியேயும் போகிறது. சேற்றிலிருந்து நீர்த்தாவரம் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேரைச் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு படலம் தெரியும். மண்ணில் கரைந்திருந்த இரும்பு, கசிந்த ஆக்சிஜன் பட்டுத் துருப்பிடித்த நிறம் அது. அந்த மெல்லிய படலத்துக்குள் நடக்கும் வேலைதான் கழிவுநீர்ப் பண்ணையின் ரகசியம் முழுவதும். சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியத்தை, ஆக்சிஜன் விரும்பும் பாக்டீரியாக்கள் அங்கே நைட்ரேட்டாக மாற்றுகின்றன. சில மில்லிமீட்டர் தள்ளி, ஆக்சிஜன் இல்லாத கருஞ்சேற்றில், வேறு வகை பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டைப் பிரித்து நைட்ரஜன் வாயுவாக்கி ஆகாயத்துக்கு அனுப்பிவிடுகின்றன. புல் உறிஞ்சுவது ஒரு பங்கு. புல்லின் வேர் ஏற்பாடு செய்து தரும் இந்த இரட்டை வேலையில் போவது இன்னொரு பங்கு.

மேலே இலையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நெல், கோதுமை முதலியவற்றில் கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதி வெயில் ஏற ஏறத் தடுமாறும். கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு, உழைத்ததில் ஒரு பகுதியை வீணாக்கும். கரும்பு, சோளம், மக்காச்சோளம், தண்ணீர்ப்புல் ஆகியவை சி4 வகை. இவை கரியமில வாயுவை முதலில் நாலு கரியணு உள்ள ஓர் அமிலமாகப் பிடித்து, உள்ளறைக்குக் கொண்டுபோய் அங்கே விடுவித்து, அந்த நொதியைச் சுற்றி வாயுவின் செறிவை ஏற்றிவிடுகின்றன. நொதி தடுமாற இடமில்லை. சென்னையின் மே மாத வெயிலில் மனிதர்கள் சுருண்டு கிடக்கும்போது இந்தப் புல் வேகமாக வளர்வதற்கு இதுதான் காரணம். பனி பெய்யும் ஊரில் இதே புல் கருகிவிடும்.

இந்தப் புல்லை முதலில் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் பீட்டர் ஃபோர்ஸ்கால், தாவரவியலாளர் லின்னேயசின் மாணவர். டென்மார்க் அரசர் அனுப்பிய அரேபியப் பயணக் குழுவில் போனவர். எகிப்தில் செடிகள் சேகரித்து, ஏமனுக்குப் போய், 1763இல் மலேரியாவில் இறந்தார். அப்போது வயது 31. குழுவில் உயிரோடு ஊர் திரும்பியது நீபூர் என்ற ஒருவர் மட்டும். அவர் இறந்த நண்பரின் குறிப்புகளை 1775இல் நூலாக வெளியிட்டார். அந்த நூலில் எகிப்துத் தாவரங்களுக்கிடையே இந்தப் புல்லும் இருக்கிறது.

ஆப்பிரிக்கப் புல்லுக்குப் பிரேசிலின் பாரா மாநிலத்துப் பெயர் ஏன்? அடிமைகளை ஏற்றிப் போன கப்பல்களில் படுக்கைப் புல்லாகப் போய் அட்லாண்டிக்கைக் கடந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அங்கே மேய்ச்சலுக்குப் பரவி, பிறகு காலனி நாடுகளின் தாவரத் தோட்டங்கள் வழியாக ஆசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வந்தது.

சென்னைக்கு அதற்கு முன்பே புல்லின் தேவை பெரிதாக இருந்தது. மாட்டுக்காக மட்டும் இல்லை, குதிரைக்காகவும். கம்பெனி காலத்து வெள்ளைக்காரர் வீட்டில் குதிரைக்கு ஓர் ஆள், அந்தக் குதிரைக்குப் புல் கொண்டுவர இன்னோர் ஆள் என்று சம்பளம் கொடுத்தார்கள். இரண்டாவது ஆள் பெரும்பாலும் குதிரைக்காரரின் மனைவி. வெயிலில் காய்ந்து கிடக்கும் வெளியில் அறுகம்புல்லை வேரோடு செதுக்கி, மண் போக அலசி, தலையில் சுமந்து வருவது அவள் வேலை. ஒரு மிருகம் தின்பதற்கு ஒரு மனிதப்பிறவியின் பகல் முழுவதும் போயிற்று. இந்தக் கூலிமுறையைப் பார்த்த பிறகுதான் பாசனம் செய்த தீவனப்பயிர் எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்குகிறது. 1865இல் சைதாப்பேட்டையில் அரசு தொடங்கிய பரிசோதனைப் பண்ணையிலிருந்து கிளைத்ததுதான் பின்னாளில் கோயம்புத்தூருக்குப் போன வேளாண் கல்லூரி. கம்பையும் நேப்பியர் புல்லையும் ஒட்டிப் பிறந்த கம்பு நேப்பியர் புல் 1953இல் அங்கே உருவாயிற்று. அதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

சாக்கடையில் புல் வளர்ப்பது சென்னையின் கண்டுபிடிப்பு இல்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தின் சாக்கடை ஓடையைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கிரெய்கெண்டினி என்ற புல்வெளிக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். ஆண்டுக்கு நாலைந்து அறுப்பு. புல்வெளியைத் துண்டு துண்டாக ஏலம் விட, நகரத்து மாட்டுக்காரர்கள் போட்டி போட்டு எடுத்தார்கள். அரண்மனை வரைக்கும் நாற்றம் போகிறது என்று 1840 வாக்கில் பெரிய சர்ச்சை நடந்தது. புல்வெளி அசையவில்லை, வருமானம் அப்படி. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் 1897இல் வெரிபீ என்ற இடத்தில் தொடங்கிய பண்ணை இன்னும் இருக்கிறது. அதன் பரப்பு சுமார் 10,500 ஹெக்டேர். கொடுங்கையூரின் 133 ஹெக்டேரோடு இதை ஒப்பிட்டால், இரண்டு நகரங்களும் ஒரே யோசனையை எவ்வளவு வேறு மனத்தோடு எடுத்துக்கொண்டன என்று தெரியும்.

இப்போது கணக்கு. சாதாரண நகரச் சாக்கடையின் ஒரு லிட்டரில் 30 முதல் 60 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கும். 40 என்று வைத்துக்கொள்வோம். நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் வருகிறது என்றால் அதில் 4 டன் நைட்ரஜன். யூரியாவில் நைட்ரஜன் 46 விழுக்காடு. ஆக இது சுமார் 8.7 டன் யூரியாவுக்குச் சமம். கடையில் கிடைக்கும் 45 கிலோ மூட்டையில் 190க்கு மேல், தினமும். யாரும் கூவி விற்காத, யாரும் வாங்காத உரம்.

புல் இதில் எவ்வளவு எடுக்கும்? தண்ணீர்ப்புல் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு நூறு டன் பசுந்தீவனம் கொடுத்தால் நல்ல விளைச்சல். நூறு டன்னில் உலர்பொருள் இருபது டன். அதில் ஒன்றரை விழுக்காடு நைட்ரஜன் என்றால் 300 கிலோ. 133 ஹெக்டேரும் இப்படி விளைந்தால் ஆண்டுக்கு 40 டன். சாக்கடையில் வந்ததோ ஆண்டுக்கு 1,460 டன். அறுத்து எடுத்துப் போகும் புல்லாலேயே அத்தனை நைட்ரஜனையும் வெளியேற்ற வேண்டும் என்றால் 4,900 ஹெக்டேருக்கு அருகில் நிலம் வேண்டும். விரிவாக்கத்துக்கு முந்தைய சென்னை மாநகராட்சியின் பரப்பு 176 சதுர கிலோமீட்டர், அதாவது 17,600 ஹெக்டேர். நகரத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் புல்வெளியாக இருந்திருக்க வேண்டும், அதுவும் பத்துக் கோடி லிட்டருக்கு மட்டும். சேற்றுப் பாக்டீரியாக்கள் செய்யும் உபகாரத்தைக் கழித்துக்கொண்டாலும் கணக்கு கட்டுப்படியாகாது.

கழிவுநீர்ப் பண்ணைகளை நகரங்கள் கைவிட்டதற்குச் சோம்பலையும் ஊழலையும் மட்டும் காரணமாகச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். புல் தோற்கவில்லை. அதற்கு நிலம் ஒதுக்க நகரத்துக்கு மனமும் இல்லை, மனையும் இல்லை.

அதனால் புல் வளர்ப்பு வீண் என்று ஆகிவிடாது. கழிவுநீரை முழுவதும் சுத்தம் செய்யும் கருவியாகப் புல்லைப் பார்த்தால்தான் அது ஏமாற்றும். ஓரளவு சுத்தம் செய்த தண்ணீரை வைத்துத் தீவனம் விளைவிக்கும் பயிராகப் பார்த்தால் இதற்கு இணை குறைவு.

நடவு எளிது. முற்றிய தண்டை இரண்டு மூன்று கணு இருக்கும்படி கரணைகளாக நறுக்கி, சேறாக்கிய நிலத்தில் அரை மீட்டர் இடைவெளியில் ஊன்றினால் போதும். ஒரு கணு மண்ணுக்குள், ஒரு கணு வெளியே. சிலர் தண்டைப் பரப்பிப் போட்டு மாட்டை விட்டு மிதிக்க வைப்பார்கள், அதுவும் பிடித்துக்கொள்ளும். களர் மண், கொஞ்சம் உவர், அமில மண் எல்லாவற்றையும் தாங்கும். தாங்காதவை இரண்டு: வறட்சியும் அடர்ந்த நிழலும். முதல் அறுப்புக்கு இரண்டரை மாதம். அதற்குப் பிறகு முப்பது நாற்பது நாளுக்கு ஒருமுறை. தள்ளிப்போட்டால் தண்டு முற்றி நார் ஏறும், புரதம் இறங்கும், மாடு தண்டை ஒதுக்கிவிட்டு இலையை மட்டும் பொறுக்கும். அடியோடு ஒட்ட அறுக்கவும் கூடாது. ஒரு சாண் விட்டு அறுத்தால்தான் அடிக்கணுக்கள் மறுபடி துளிர்க்கும். தண்ணீருக்கு மேலே அறுக்கப்படுவதால் சேறும் புழுவும் தீவனத்தில் அதிகம் ஏறாது. தண்டில் ஈரம் அதிகம் என்பதால் இதைக் காய வைத்து வைக்கோல் போல் சேமிப்பது கடினம். அன்றறுத்து அன்றே போட வேண்டிய தீவனம். ஊரைவிட்டுத் தூரத்தில் விளையும் புல் நகரத்து மாட்டுக்கு உதவாமல் போவது இதனால்தான்.

நல்ல நிலமும் நல்ல தண்ணீரும் இருக்கிறவருக்கு நான் தண்ணீர்ப்புல்லைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அவர் கோயம்புத்தூர் கம்பு நேப்பியர் போடட்டும். 2008இல் வெளியான கோ4 ரகம் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 350 டன்னுக்கு மேல் கொடுக்கக்கூடியது. தண்ணீர்ப்புல் அதில் பாதியைக்கூட எட்டாது. ஆனால் கம்பு நேப்பியரின் காலடியில் ஒரு வாரம் தண்ணீர் தேங்கட்டும், அப்புறம் பாருங்கள். வேறு எதுவும் நிற்காத பள்ளத்தில் நிற்பதுதான் தண்ணீர்ப்புல்லின் தொழில். ஹைதராபாத்தில் மூசி ஆற்றங்கரையில் நடந்தது இதற்கு நல்ல சான்று. நகரத்தின் சாக்கடை ஆறாக ஓடத் தொடங்கியதும், தண்ணீரின் உப்பும் அழுக்கும் ஏறியதும், ஆற்றை ஒட்டி நெல் வயல்கள் பல தண்ணீர்ப்புல் வயல்களாக மாறின. நாள்தோறும் அறுத்து, கட்டி, நகரத்து எருமைக்காரர்களுக்கு விற்கும் ஒரு முழுப் பொருளாதாரமே அங்கே உருவாயிற்று. சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். திட்டமிட்ட பண்ணையில் கொடுங்கையூர் செய்ததை, யாரும் திட்டமிடாமல் மூசிக்கரை விவசாயிகள் செய்தார்கள்.

ஆபத்துகளுக்கு வருவோம். இந்தப் புல்லுக்கு நைட்ரஜன் என்றால் அடங்காத ஆசை. தேவைக்கு மேல் உறிஞ்சித் தண்டில் நைட்ரேட்டாகவே சேர்த்து வைத்துக்கொள்ளும். மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கி, நைட்ரைட்டை அம்மோனியாவாக்கிப் பயன்படுத்திக்கொள்ளும். கொஞ்சமாக வந்தால் நல்லதுதான். ஒரே நேரத்தில் நிறைய வந்தால் இரண்டாவது படி திணறி, நைட்ரைட் இரத்தத்துக்குள் ஏறும். அது சிவப்பணுவின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடும். இரத்தம் சாக்லேட் நிறமாகும். காற்று நிறைந்த வெளியில் நின்றபடி மாடு மூச்சுத்திணறிச் சாகும். நீண்ட வறட்சிக்குப் பின் மழை பெய்து குபீரென்று தழைத்த இளம்புல்லில் இந்த அபாயம் மிகுதி. பசியோடிருக்கும் மாட்டுக்கு அதை மட்டுமே போடுவது தவறு. வைக்கோலோடு கலந்து போட வேண்டும்.

இரண்டாவது, புழுக்கள். மாட்டுக்கு வருவதைப் பற்றிப் பேசுமுன் மனிதருக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். இந்தியக் கழிவுநீர்ப் பண்ணைகளில் வேலை செய்தவர்களைப் பரிசோதித்த ஆய்வுகள், கொக்கிப்புழுவும் உருண்டைப்புழுவும் மற்றவர்களைவிட அவர்களிடம் கூடுதலாக இருந்ததைக் காட்டின. கொக்கிப்புழுவின் குஞ்சு ஈரமண்ணிலிருந்து பாதத்தோலைத் துளைத்து உள்ளே போகும். செருப்பில்லாமல் சேற்றில் நின்று புல்லறுத்தவர்கள் நகரத்தின் இரும்புச்சத்துக் கணக்கைத் தங்கள் இரத்தத்தால் கட்டினார்கள். அவர்களுக்கு முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் கொடுத்திருந்தால் போதும், பெரிய பொறியியல் ஒன்றும் வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1989இல் வகுத்த வழிகாட்டியில், தீவனப்பயிருக்குப் பாயும் கழிவுநீரில் லிட்டருக்கு ஒரு குடற்புழு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. அதற்கு ஆலை வேண்டாம். குட்டைகளில் எட்டுப் பத்து நாள் தண்ணீரைத் தேக்கினால் முட்டைகள் அடியில் படிந்துவிடும்.

மூன்றாவதுதான் வடசென்னைக்கே உரியது. மாதவரம் தோல் பதனிடும் ஆலைகள், தெருவோர மின்முலாம் பட்டறைகள், மணலியின் பெருந்தொழிற்சாலைகள் என்று சூழ்ந்திருக்கும் பகுதி இது. வீட்டுச் சாக்கடையும் பட்டறைக் கழிவும் ஒரே கால்வாயில் கலந்தால் குரோமியம், காட்மியம், ஈயம் எல்லாம் சேர்ந்து வரும். இவை ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஒடிசாவின் சுக்கிந்தா குரோமியச் சுரங்கக் கழிவில் தண்ணீர்ப்புல்லை வளர்த்துப் பார்த்தபோது, அது எடுத்த குரோமியத்தில் பெரும்பங்கு வேரிலேயே தங்கியது தெரிந்தது. அறுப்பது தண்டையும் இலையையும்தான் என்பதால் இது ஓரளவு நிம்மதி. காட்மியம் அப்படியில்லை. வேரில் மட்டும் நிற்காமல் தண்டேறி இலைக்கும் போகும், இலையிலிருந்து மாட்டுக்குப் போகும், மாட்டின் சிறுநீரகத்திலும் ஈரலிலும் சேரும்.

கொடுங்கையூரில் இப்போது புல் இல்லை. சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. 2006இல் வந்த ஒன்று மட்டும் நாளுக்கு 11 கோடி லிட்டர் கொள்ளளவு கொண்டது. கசடிலிருந்து கிடைக்கும் எரிவாயுவை வைத்து மின்சாரமும் எடுக்கிறார்கள். 1990களிலேயே மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் கொடுங்கையூர்க் கழிவுநீரை வாங்கிச் சுத்தம் செய்து பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. 2019இல் நாளுக்கு 4.5 கோடி லிட்டரை எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டி, மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையமும் திறக்கப்பட்டது. வறட்சிக் காலத்தில் குடிநீரைத் தொழிற்சாலை குடிக்காமல் தடுக்கும் நல்ல ஏற்பாடு இது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உரத் தொழிற்சாலையின் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வராமல் போவதில்லை. சாக்கடையில் இருக்கும் நைட்ரஜனைச் செலவு செய்து நீக்கி, வெறும் தண்ணீரை மட்டும் அந்தத் தொழிற்சாலை எடுத்துக்கொள்கிறது. பிறகு எரிபொருளை எரித்துக் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து யூரியா செய்கிறது.

புல்லோ இங்கிருந்து போய்விடவில்லை. கால்வாய்க்கரை, ஏரியோரம், தண்ணீர் தேங்கும் காலிமனை என்று ஆகாயத்தாமரைக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டு களை என்ற பெயரில் வாழ்கிறது. ஆஸ்திரேலியாவின் காக்கடு தேசியப் பூங்காவில் இது காட்டு நெல்லை அழுத்தி, நீர்ப்பறவைகளின் தீவனத்தைப் பறித்துவிட்டதாக அரசு பெரும் செலவில் போராடிக்கொண்டிருக்கிறது. நம் ஏரிகளுக்கு இதை எடுத்துப் போய் நட வேண்டாம் என்று சொல்ல அந்த ஒரு சான்று போதும். இதன் நெருங்கிய உறவான பிராக்கியேரியா ஹ்யூமிடிகோலா என்ற புல் ஆய்வுலகில் வேறொரு புகழ் பெற்றிருக்கிறது. அதன் வேர் வெளிவிடும் பிராக்கியலாக்டோன் என்ற பொருள், அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களை மட்டுப்படுத்துகிறது என்று ஜப்பானில் பணியாற்றிய இந்திய விஞ்ஞானி ஜி.வி. சுப்பாராவின் குழு 2009இல் கண்டு சொன்னது. உரம் மண்ணிலிருந்து ஓடிப்போகாமல் புல்லே பூட்டி வைக்கிறது. அந்தக் குணத்தைக் கோதுமைக்கும் சோளத்துக்கும் கொண்டுவர முடியுமா என்று பார்க்கிறார்கள்.

வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ மாடு வைத்திருக்கும் ஒருவர் கால்வாய்க்கரைப் புல்லை அறுத்துப் போடலாமா என்று கேட்டால், பதில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. வீட்டுச் சாக்கடை மட்டும் என்றால், நீர்மட்டத்துக்கு மேலே அறுத்து, வெயிலில் வதக்கி, வைக்கோலோடு கலந்து போட்டால் புழுவின் தொல்லை குறையும், நைட்ரேட்டும் நீர்த்துவிடும்; மாட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சாணப் பரிசோதனையும் குடற்புழு மருந்தும் தவறக் கூடாது. பட்டறைக் கழிவு கலக்கும் கால்வாய் என்றால் வதக்குவதும் கலப்பதும் அலசுவதும் ஒன்றுக்கும் உதவாது. உலோகம் வெயிலில் ஆவியாகாது, தண்ணீரில் கழுவினாலும் இலைக்குள்ளிருந்து வராது. பட்டறை வாசலிலேயே அதைப் பிரித்தெடுத்தால் உண்டு. இல்லையென்றால் அந்தக் கரையில் அரிவாளைக் கீழே வைக்க வேண்டியதுதான்.